பொழுது சாய்ந்தால் எழும் செண்டு

மலைக்குப் போகிற ஜீப். டிரைவர் மொக்கையண்ணன். அவர் பக்கத்தில் தபால் பையை மடியில் வைத்த ஒரு ஆள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் கறிக்கடைக்காரர் ஒருவர், அவர் காலடியில் இரண்டு கோழி. பின்னால் பொட்டிபுரத்துப் பெண்கள் ஆறு பேர், காய் எடுக்கப் போகிறவர்கள். காதில் பீடி செருகிய ஒரு பெரியவர். ஒரு புது மாப்பிள்ளை. அவன் பெண்டாட்டி. அவள் தலையில் நாலு முழம் மல்லிகை. கடைசியாக நான், பேச்சியம்மாள். கதவுக்கு வெளியே தொங்கியவர்களை எண்ணவில்லை.

எனக்கு அந்த மல்லிகைக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது.

நான் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். பச்சை, வெளுப்பு, வெடித்தது, பூச்சி விழுந்தது என்று தரம் பிரிக்கிற சோலி. கிட்டங்கியில் ஒரு சட்டம் உண்டு. பூ வைக்கக் கூடாது. பவுடர் கூடாது. வாசனை சோப்பு கூடாது. ஏலக்காய் பொல்லாதது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் ஒரு நாள் கிடந்த மூட்டையை ஏலத்தில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா. அந்த நாட்களில் மட்டும் பூ வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கும் அதே சட்டம்தான். அவர் மேலே, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிற தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறார். மலையில் ஸ்டோர் என்றால் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பு, உள்ளே சூடு ஓடுகிற தகரக் குழாய், அதற்கு மேல் கம்பி வலைத் தட்டுகள். ஒரு தடவை காய் போட்டு எடுத்தால் ஒரு மூட்டை வரும். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை. மாதம் ஒரு தடவை கீழே வருவார். வந்தால் இரண்டு நாள் இருப்பார்.

அது எழுபதுகளின் கடைசி. ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து லாரி போகவில்லை. தோட்டத்திலிருந்து ஒரே ஒரு மூட்டை மட்டும் யார் தலையிலோ, எந்த ஜீப்பிலோ வந்து சேர்ந்திருந்தது. அதை அவிழ்த்து என் சொளகில் கொட்டினார்கள். கையை விட்டு அளைந்தேன். ஏலக்காய் வாசம் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

“எவடி பூ வச்சுட்டு வந்தது?” என்றாள் பக்கத்தில் இருந்த ஈஸ்வரி.

எல்லோரும் அடுத்தவள் கொண்டையைப் பார்த்தோம். ஒருத்தி தலையிலும் ஒன்றுமில்லை. முதலாளி வந்தார். இரண்டு காயை உள்ளங்கையில் நசுக்கி மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“பூ இல்ல. செண்டு. பொம்பளைங்க போடுற செண்டு.”

மூட்டை யாருடைய ஸ்டோரிலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அண்ணன் மேல குளிருக்குப் போத்திக்கிறதுக்கு என்னமோ ஏற்பாடு பண்ணிட்டாரு போலடி,” என்றாள் ஈஸ்வரி. கூடமே சிரித்தது. நான் காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

தோட்டமும் முதலாளியுடையதுதான். அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “நீயே போயிட்டு வா, பேச்சி. ஒன் மூக்கு நல்ல மூக்கு. அங்கன அடுக்கியிருக்கிற மூட்டையில எத்தனையில இந்த வாடை ஏறியிருக்குன்னு பாத்துச் சொல்லு. இங்க வந்த இந்த ஒண்ணோட நின்னுச்சுன்னா கைத்தப்புன்னு விட்டுர்றேன். அதுக்கு மேல இருந்துச்சு, அவனைப் பாயைச் சுருட்டிட்டு எறங்கச் சொல்லிருவேன்.”

அந்தக் காயில் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இடுப்பில் செருகிக்கொண்டேன். வேலை போகுமே என்ற பயம் எனக்கு வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. அந்தச் செண்டுக்காரி யார் என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது.

மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஜீப் வளைய ஆரம்பித்தது. ஒரு வளைவில் கோழி கத்தியது. அடுத்த வளைவில் பெரியவர் என் மேல் சாய்ந்தார். புதுப்பெண்ணுக்கு வாந்தி வந்தது. அவள் புருஷன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். பூ நசுங்காமல் பிடித்தான்.

பொட்டிபுரத்துப் பெண்களில் மூத்தவள் சொன்னாள். “ஏ பொண்ணு, அந்தப் பூவை இங்கனயே எறிஞ்சிரு. தோட்டத்துல கால வச்சா கங்காணி பிடுங்கிப்புடுவாரு.”

“எறங்குற வரைக்கும் இருக்கட்டும்த்தா,” என்றான் மாப்பிள்ளை.

“அப்புறம்?”

“அப்புறம் நான் சட்டைப் பையில வச்சுக்கிறேன்.”

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஜீப்புக்கு வெளியே தொங்கியவன் ஒருத்தன்கூடச் சிரித்தான். நான் பள்ளத்தைப் பார்த்தேன். கீழே போடி ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் என் பூவை யாரும் சட்டைப் பையில் வைத்ததில்லை. வைக்கிற மாதிரி நானும் பூ வைத்ததில்லை.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. மொக்கையண்ணன் இறங்கி, “ஆத்தாமாருக எல்லாம் எறங்குங்க, வண்டிக்கு மூச்சு வாங்குது,” என்றார். ஓடைத் தண்ணீரை டப்பாவில் மொண்டு ஊற்றினார். கறிக்கடைக்காரர் எல்லோருக்கும் அவித்த மொச்சை கொடுத்தார். கோழிக்கும் கொடுத்தார்.

பாறையில் உட்கார்ந்தபோது என் இடுப்புச் சூட்டில் காகிதப் பொட்டலத்தின் வாசம் எழுந்தது. காலையில் கிட்டங்கியில் அது வேறு மாதிரி இருந்தது. நாரத்தைத் தோலைக் கிள்ளின மாதிரி மெல்லிசாக, மேலாக. இப்போது பூ வந்திருந்தது. மல்லிகை இல்லை. மல்லிகை எதிரே இருந்ததால் இல்லையென்று தெரிந்தது. மல்லிகை எல்லோரிடமும் வரும். இது ஒரு ஆளைப் பார்த்து வந்தது. ரோசாவைக் கசக்கி, செண்பகம் வாடி, அதோடு வெல்லப்பாகு கருகின மாதிரி ஒரு கறுப்பு. வெள்ளைப் பூ எதுவும் அதில் இல்லை. நான் தரம் பிரிக்கிறவள். இது முதல் தரம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் கோபம்.

மெட்டில் சோதனைச் சாவடி. கேரளத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து என் இடுப்பைக் காட்டினார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் மலையாளத்தில் பக்கத்து ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. “மலையிலேர்ந்து இறங்கிப் போற காயைத் தேடித் தேடிப் பிடிக்கிறோம். மலைக்கு ஏறி வர்ற காயை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

அடுத்தவர் மோந்து பார்த்தார். “இது காயில்ல சாரே. கல்யாண வீடு.”

திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள். ஜீப்பும் சிரித்தது. நான் மறுபடி மடித்துச் செருகிக்கொண்டேன்.

மெட்டைத் தாண்டினால் எல்லாம் மாறிவிடும். காற்று ஈரம். மண் கறுப்பு. கடைப் பலகையில் எழுத்து உருண்டை. மூணு மைல் போனதும் பாதை இல்லை. மேட்டிலிருந்து மண்ணும் மரமும் சரிந்து கிடந்தது. மொக்கையண்ணன் அங்கேயே வண்டியைத் திருப்பினார். பூ வைத்த புதுப்பெண்ணும் அவள் புருஷனும் வேறு தோட்டத்துக்குப் பிரிந்து போனார்கள். நான் நடந்தேன். சரிந்த மண்ணில் முழங்கால் வரை போனது. ஏலக்காட்டுக்குள் இறங்கியதும் அட்டை. பொட்டிபுரத்துப் பெண் ஒருத்தி சுண்ணாம்பையும் புகையிலையையும் கசக்கித் துணியில் கட்டிக் கொடுத்தாள். அதைக் காலில் தேய்த்துக்கொண்டே நடந்தேன். அட்டை விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை.

பாதையோரம் ஒரு சாயாக் கடை. பால் இல்லாத கட்டன் சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மீன் குழம்புக்குப் புளி. அவர்கள் போடுவது கறுப்பாக, தோல் மாதிரி ஒன்று. புளிப்பு நாக்கின் ஓரத்தில் வந்து நிற்கும். முதல் வாய் பிடிக்கவில்லை. மூன்றாவது வாயில் இன்னும் கேட்டேன். கிழங்குக்கு அது பொருத்தம். போடியில் அந்தக் கிழங்கை ரோட்டோரம் வேகவைத்து விற்பார்கள். தொண்டையில் அடைக்கும். இங்கே அடைக்கவில்லை.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்து சாயங்காலம் சூப்ரவைசர் தங்கச்சி இந்த வழியாப் போச்சா?”

“போச்சு. ஆள் வர்றதுக்கு முன்னால வாசம் வந்துச்சு. ஆள் போன பிறகும் என் சாயாவுல இருந்துச்சு.”

“பெர்ஷியா வாசம் அது. ஒரு குப்பி நம்ம ஒரு வருஷக் கூலி.”

அரபு நாடு எதுவானாலும் அங்கே பெர்ஷியாதான். நான் கிழங்கைப் பாதியில் வைத்தேன். பிறகு தின்றேன். நடக்க வேண்டியிருந்தது.

ஸ்டோரை எட்டும்போது பொழுது சாயப் பார்த்தது. எங்கள் வீட்டுக்காரர் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

“என்ன, திடீர்னு?”

“முதலாளி அனுப்புனாரு.”

பொட்டலத்தை நீட்டினேன். வாங்கி மோந்தார். மூக்கில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். காய் கெட்டுப்போனதா என்று பார்க்கிறவர் அவ்வளவு நேரம் மோக்க மாட்டார்.

“சூப்ரவைசர் தங்கச்சியோட சால்வை,” என்றார். “நர்சு. லீவுல வந்திருக்கு. மழையில நனைஞ்சிருச்சு. இங்க துணி காயாது. ஸ்டோருக்குள்ள குழாய் மேல போட்டேன். ஒரே நாள்தான். காயவச்சுக் குடுத்துட்டேன்.”

“ஒரே நாள்?”

“ஒரே நாள்.”

அது நடக்கக்கூடியதுதான். அந்த மலையில் ஐப்பசியில் சூடான இடம் ஸ்டோர் ஒன்றுதான். குழந்தைத் துணியைக்கூடத் திருட்டுத்தனமாக அங்கே காயப்போடுவார்கள் என்று கேள்வி. கண்டால் சண்டை நடக்கும்.

“மூட்டையைத் தொறங்க. பாக்கணும்,” என்றேன்.

“மூடாப்பு போட்டிருக்கு. இப்பத் தொறந்தா காய் ஈரம் இழுத்துரும். வெயில் அடிக்கட்டும்.”

அதுவும் சரிதான். லயத்தில், கூலிக்காரர்கள் இருக்கிற வரிசை வீடுகளில், அவர் அறைக்குப் போனோம். குண்டரிசிச் சோறும் கருவாடும் அவரே ஆக்கினார். நன்றாக ஆக்கினார். வீட்டில் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கதவு இடுக்கு வழியாக அந்தச் செண்டு வந்தது. வெளியே ஒருத்தி நடந்து போகும் சத்தம். செருப்புச் சத்தம். அவர் சோற்றை வாயில் வைத்தபடி மென்று கொண்டிருந்தார். மெல்லுவது ஒரு நொடி நின்றது. பிறகு மென்றார்.

மறுநாள் வெயில் இல்லை. மூடுபனி வாசல் வரை வந்து நின்றது. அவர் ஸ்டோருக்குப் போனார். நான் சூப்ரவைசர் வீட்டுக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. பார்க்கத்தான் போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“சுருளியோட வீட்டுக்காரி அல்லே?” என்றாள். “வா, கேறி இரி.”

உள்ளே வந்து உட்காரச் சொல்கிறாள் என்று புரிந்தது. பெயர் சாராம்மா என்றாள். நான் வெள்ளையாக ஒருத்தியை நினைத்து வந்திருந்தேன். இவள் என்னைவிடக் கறுப்பு. என்னைவிட மூத்தவள். முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருந்தது. அதைப் பார்த்ததும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அழகாக இருந்தால் அழகைச் சொல்லி விட்டிருப்பேன். இவளிடம் அந்தச் செண்டைத் தவிர ஒன்றுமில்லை. அப்படியென்றால் அந்தச் செண்டுதான் அவ்வளவும்.

டின் பாலில் டீ போட்டாள். பெர்ஷியா பிஸ்கெட் கொடுத்தாள். வாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரி கரைந்தது. அவள் குவைத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னாள். பாதி தமிழ், பாதி மலையாளம். பகலெல்லாம் மருந்து வாடை, சீழ் வாடை. ரூமுக்கு வந்து குளித்துவிட்டு ஒரு சொட்டு வைத்துக்கொள்வாளாம்.

“யாருக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கு.” சிரித்தாள். “வேற யாரு இருக்கா அங்க? ஒட்டகமா?”

எனக்கென்று ஒரு வாசம் வைத்துக்கொள்வது என்ற யோசனையே எனக்கு வந்ததில்லை. வேலைக்காக ஒன்றை விடுவதுதான் தெரியும். அவளும் வேலை செய்கிறவள்தான். வேலை முடிந்ததும் அவளுக்கு ஒரு சாயங்காலம் இருந்தது.

குப்பியைக் கொண்டு வந்தாள். உள்ளங்கை அளவு, கறுப்பு, தங்க நிற மூடி. “இது பகல்ல போடுறது இல்ல. பகல்ல போட்டா உறங்கிக் கிடக்கும். வெயில் இறங்கினாத்தான் எழும்பும்,” என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டாள்.

“சால்வை காய்ஞ்சிருச்சா?” என்று கேட்டேன்.

“எந்தச் சால்வை? ஓ, அதா!” தொடையில் தட்டினாள். “கம்பளி அல்லே? குழாய்ச் சூட்டுல ஓரம் கருகி, சுருங்கி இத்தினியாப் போச்சு. சுருளி பயந்துட்டான், பாவம். போகட்டும், தூக்கி எறின்னு சொல்லிட்டேன். ஒரு குப்பியே அதுல கொட்டியிருந்துச்சு, பெட்டியில உடைஞ்சு. எறியச் சொன்னது நான் வந்த மறுவாரமே.”

மிச்ச பிஸ்கெட்டைத் தட்டில் வைத்தேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவள் வாசல் வரை வந்து மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தாள். நல்லவள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்குப் பூராவும் என் மணிக்கட்டை நான் கவனித்தேன். முதலில் நாரத்தைத் தோல். அரை மணியில் அது போய்விட்டது. பிறகு பூ. மதியத்துக்கு மேல் பூ சும்மா கிடந்தது, அவள் சொன்னது போலவே. செத்துவிட்டதென்று நினைத்தேன். பனி இறங்கி லயத்தில் அடுப்புப் புகை எழும்பிய நேரத்தில் அது திரும்ப வந்தது. இப்போது பூவுக்குக் கீழே வேறு ஒன்று. சாம்பிராணி, நனைந்த மரம், புகையிலை இலை. அதற்கும் கீழே உடம்பு. ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் கைதான் அது. ஆனால் என் கை மாதிரி இல்லை.

அவர் வேலை முடித்து வந்தார். கை கால் கழுவினார். எப்போதும் சுவரோரம் உட்காருகிறவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடியிருந்தார். அவர் மூச்சு என் தோளில் பட்டது. கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை.

“நல்லாருக்கு உனக்கு,” என்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அந்த வார்த்தைக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன், அது எனக்குச் சொன்னதாக இருந்தால்.

“சால்வை எங்க?”

கண்ணைத் திறந்தார்.

“எறிஞ்சுட்டேன்.”

“நேத்து, குடுத்துட்டேன்னு சொன்னீக.”

அவர் நகர்ந்து சுவரோரம் போய் உட்கார்ந்தார். நான் எழுந்து வெளியே போனேன். அடுப்புச் சாம்பலை எடுத்து மணிக்கட்டைத் தேய்த்தேன். புளியைக் கரைத்துத் தேய்த்தேன். தோல் எரிந்தது. மறுநாள் மூட்டை மோக்க வேண்டும். கையில் வாடையோடு ஸ்டோருக்குள் போக முடியாது. அதனால்தான் கழுவினேன் என்று பக்கத்து அறைப் பெண்ணிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. மலையே வேறாக இருந்தது. ஏல இலைகள் எல்லாம் எண்ணெய் தடவினது போல மின்னின. எங்கள் ஊரில் வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஓடுவோம். இங்கே குழந்தைகள் வெயிலுக்கு ஓடினார்கள். லயத்தில் எல்லாக் கொடியிலும் துணி.

மூட்டை அறைக் கதவைத் திறந்தார். வரிசையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் எந்த நாள் போட்டது என்று அவர் கையால் எழுதிக் கட்டிய அட்டை. அதில் அவர் ஒழுங்கு. பழையதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் சுண்ணாம்புக் கட்டியோடு பக்கத்தில் நின்றார்.

முதல் சில மூட்டை சுத்தம். முதல் தரக் காய். வாயைக் கட்டினேன். பிறகு போடிக்கு வந்த மூட்டையின் இடம், காலி. அதற்கு அடுத்ததை அவிழ்த்தேன். கையை உள்ளே விட வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்ததுமே அவள் வந்து நின்றாள்.

“இது,” என்றேன். அவர் பெருக்கல் கோடு போட்டார்.

அடுத்த மூட்டை. “இது.” கோடு.

அதற்கு அடுத்தது. நாரத்தைத் தோல் போய்விட்டிருந்தது. ரோசாவும் செண்பகமும் இருந்தது. “இது.”

“அவ்வளவா ஏறாதுன்னு நெனச்சேன்,” என்றார்.

நான் அடுத்ததை அவிழ்த்தேன். ஒரு நாள், ஒரு மூட்டை. ஒவ்வொரு நாளும் அந்தச் சால்வையை எடுத்துக் குழாய் மேல் போட்டிருக்கிறார். சூடு ஏறும்போது வாசம் எழும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். காய் எடுக்கும்போது சால்வையை எடுத்து எங்கோ ஒளித்து வைப்பார். அட்டையில் நாள் எழுதுவார். மூட்டையை ஒழுங்காகக் கட்டுவார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. மூட்டை சொன்னது.

போகப் போகப் பூ குறைந்தது. சாம்பிராணியும் மரமும் மட்டும் மிஞ்சியது. ஏலக்காய் வாசத்துக்கு அடியில், கூர்ந்தால்தான் தெரியும்.

“போதும், பேச்சி. இனி இருக்காது.”

“இருக்கு. கோடு போடுங்க.”

“இது ஏலத்துல எவனுக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுது.”

கோடு போட்டார். சுண்ணாம்புக் கட்டி உடைந்து விழுந்தது. குனிந்து எடுத்தார்.

“அந்த வாசத்துல அப்படி என்னதான் இருக்கு?” என்று கேட்டேன். திட்டுவதற்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவர் கோடு போட்ட மூட்டை மேல் கையை வைத்தார். பிறகு சொன்னார்.

“இங்க காய் வாடை. சட்டையில காய் வாடை. சோத்துல காய் வாடை. மாசம் ஒருக்கா கீழ வர்றேன். நீயும் காய் வாடைதான் அடிக்கிற. கண்ணை மூடுனா எங்க இருக்கேன்னே தெரிய மாட்டேங்குது.”

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவிழ்த்த மூட்டையின் வாயைக் கட்டினேன். அவருக்குச் சோறு போடத்தான் நான் அந்த வாடையோடு இருந்தேன். எனக்குச் சோறு போடத்தான் அவரும் இருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் அவர் போகவில்லை என்பது அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போயிருந்தால்கூட ஒருத்தியோடு சண்டை போட்டிருப்பேன். ஒரு கருகின கம்பளித் துணியோடு எப்படிச் சண்டை போடுவது?

மிச்ச மூட்டைகளையும் அவிழ்த்தேன். கடைசிச் சில சுத்தம். அதற்குள் சால்வையில் ஒன்றும் மிஞ்சவில்லை போலிருக்கிறது. கோடு போட்டதை ஒரு முறை எண்ணினேன். அவரும் உதட்டை அசைக்காமல் எண்ணினார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மதியம் கிளம்பினேன். மண் சரிந்த இடம் வரை கூட வந்தார். என் பையை அவரே தூக்கி வந்தார். சரிவில் கை கொடுத்தார். அந்தப் பக்கம் மொக்கையண்ணன் ஜீப் நின்றது.

“கீழ வந்த அந்த ஒண்ணுதான்னு சொல்லிரு, பேச்சி,” என்றார். “மத்ததைத் திரும்ப அடுப்புல காட்டுனா வாடை போயிரும். வேலை போச்சுன்னா இந்த வயசுல எனக்கு எவன் ஸ்டோர் குடுப்பான்? செண்டு அடிச்ச ஸ்டோர்க்காரன்னு பேராயிரும்.”

நான் ஜீப்பில் ஏறினேன். அவர் மண் மேட்டில் நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை.

இறங்கும்போது ஜீப்பில் கூட்டம் இல்லை. மொக்கையண்ணன், “என்னத்தா, அண்ணன் சொகமா?” என்றார். சுகம் என்றேன். வளைவுக்கு வளைவு காற்று சூடாகியது. காது அடைத்துத் திறந்தது. முந்தலில் இறங்கித் தண்ணீர் குடித்தேன். அந்தப் பாதையெல்லாம் என்னிடம் இரண்டு பதில் இருந்தது. ஒன்றைச் சொன்னால் அவர் மேலேயே இருப்பார், மாதம் ஒரு தடவை வருவார், வந்து கண்ணை மூடிக்கொள்வார். இன்னொன்றைச் சொன்னால் வேலை இல்லாமல், பெயர் கெட்டு, என் வீட்டில் என் எதிரே இருப்பார். இரண்டும் எனக்கு வேண்டாம். இரண்டில் ஒன்றை நான்தான் சொல்ல வேண்டும்.

கிட்டங்கியில் வேலை முடியும் நேரம். ஈஸ்வரி சொளகைத் தட்டிக்கொண்டே, “பாத்துட்டியாடி அவளை? எப்படி இருந்தா?” என்றாள்.

“என்னைவிடக் கறுப்பு,” என்றேன்.

“அம்புட்டுத்தானா?” அவள் முகம் தொங்கிவிட்டது.

முதலாளி உள்ளே ஏலத்துக்கு மாதிரிக் காயைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. ரோடு எப்படி என்றார். ரெண்டு நாளில் லாரி போகும் என்றேன். யார் செண்டு என்று அவர் கேட்கவில்லை. அதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“எத்தனை மூட்டை?” என்றார்.

“பதினொண்ணு.”